எடையற்ற உறையின் சுமை: இந்திய நெகிழ் பொதியுறைத் தொழிலின் போக்குகள்

உள்ளே வைக்கப்படும் பொருளின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் உறைகளை நெகிழ் பொதியுறைகள் என்று தொழில்துறை வகைப்படுத்துகிறது. பால் கவர், எண்ணெய் பாக்கெட், பிஸ்கட் சுற்றுத்தாள், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே ஆகியவை அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை. கண்ணாடிப் புட்டி, தகர டப்பா முதலிய விறைப்பான கலன்களிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டும் முதற்பண்பு வடிவம் என்று தோன்றினாலும், தொழிலின் பொருளாதாரத்தைத் தீர்மானித்தது வடிவத்தைக் காட்டிலும் எடையே ஆகும். ஒரு லிட்டர் எண்ணெயைத் தாங்கும் கண்ணாடிப் புட்டி சில நூறு கிராம் எடை கொண்டிருக்க, அதே எண்ணெயை அடைக்கும் பிளாஸ்டிக் பை பத்து கிராம் அளவிலேயே அமைந்துவிடுகிறது. ஆலையிலிருந்து மலையோரக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை சரக்கைக் கொண்டுசெல்லும் செலவில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தியச் சந்தையை இத்தொழிலுக்குப் பெற்றுத் தந்த இந்த இலேசுத்தன்மையே, உறை காலியான பின் அதை மீட்டெடுக்க முடியாதபடி செய்யும் முதற்காரணமாகவும் இருக்கிறது என்பதும், இன்றைய சீர்திருத்த முயற்சிகள் உறையின் மூலப்பொருளைக் கவனிக்கும் அளவுக்கு அதன் எடையைக் கவனிக்கவில்லை என்பதும் இவ்வுரை நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

இந்தியாவில் இத்தொழில் தாளிலிருந்து தொடங்கியது. இன்று ஹுஹ்தமாகி இந்தியா என்ற பெயரில் இயங்கும் நிறுவனம், 1935இல் பேப்பர் ப்ராடக்ட்ஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டது என்பதே அந்தத் தொடக்கத்துக்குச் சான்றாக நிற்கிறது. மெழுகுத்தாளும் செல்லோபேனும் ஆண்ட காலம் முடிந்து, பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து பெறப்படும் பிலிம்கள், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் சுருள்கள், இங்கேயே பெருமளவில் தயாராகத் தொடங்கியது 1980களில்தான். 1981இல் தொடங்கப்பட்ட காஸ்மோ பிலிம்ஸ், 1985இல் தொடங்கப்பட்ட யூஃப்ளெக்ஸ் ஆகிய நிறுவனங்களோடு கார்வாரே, பாலிப்ளெக்ஸ், ஜிண்டால், எஸ்டர் முதலியவையும் சேர்ந்து நாட்டின் பிலிம் உற்பத்தியை உருவாக்கின. இவற்றுள் சில பின்னர் தாய்லாந்து, துருக்கி, எகிப்து, மெக்சிகோ, போலந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் ஆலைகளை நிறுவின. தொழிற்பயிற்சியும் தரச்சோதனையும் தரும் இந்தியப் பொதியியல் நிறுவனம் 1966இலேயே மும்பையில் அமைக்கப்பட்டிருந்ததால், பிலிம் ஆலைகள் எழுந்தபோது அவற்றை நடத்தத் தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டிய நிலை ஏற்படவில்லை.

எனினும் ஆலைகளைக் காட்டிலும் சந்தையின் போக்கை மாற்றியது சாஷே எனப்படும் சிற்றுறை ஆகும். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு, புட்டியில் வாங்க வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே உரிய பொருளாக இருந்த 1970களில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் வெல்வெட் ஷாம்புவை ஒரு முறைப் பயன்பாட்டுக்கான சிறிய உறைகளில் அடைத்து விற்கலாம் என்று காட்டினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு அந்த வழியைக் கிராமங்கள் வரை விரித்தது. நாட்கூலி பெறும் குடும்பம் ஒரு மாதத்துக்குரிய பொருளை ஒரே தடவையில் வாங்க முடியாது. அன்றைய கூலியில் அன்றைய தேவையை வாங்கும். இந்த எளிய உண்மையைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட மாற்றம் என்பதால், சாஷேயை ஆடம்பரக் குப்பை என்று ஒதுக்கிப் பேசுவது நியாயமன்று. பல நாடுகளில் சிற்றளவில் வாங்கும் ஏழை, அளவுக்கு அளவு அதிக விலை கொடுக்க நேர்கிறது. இந்திய ஷாம்புச் சந்தையிலோ பல பிராண்டுகளில் புட்டியைவிடச் சாஷேயில் மில்லிலிட்டர் கணக்கு மலிவாக விழுவதும் உண்டு. ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று நாணயத்தை ஒட்டி விலை நிறுத்தப்பட்டதால், மூலப்பொருள் விலை ஏறும்போதெல்லாம் நிறுவனங்கள் விலையைத் தொடாமல் உள்ளளவைக் குறைத்தன. உள்ளளவு குறையும் ஒவ்வொரு முறையும், ஒரு கிலோ பண்டத்துக்குச் செலவாகும் உறையின் அளவு கூடியது. குறிப்பிட்ட சில பண்டங்களை இன்னின்ன அளவுகளில் மட்டுமே அடைக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகளில் இருந்த அட்டவணை 2022இல் நீக்கப்பட்ட பின், இந்தப் போக்குக்கு இருந்த தடையும் அகன்றது.

சாஷேயின் வரலாற்றில் பெருமைப்பட இயலாத ஒரு பகுதியும் உண்டு. 1980களிலும் 90களிலும் பான் மசாலா, குட்கா ஆகியவற்றின் சிற்றுறைகள் பிலிம் தொழிலுக்குப் பெரும் வாடிக்கையாக இருந்தன. உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் பிறப்பித்த ஆணையை அடுத்து, 2011 முதல் அவற்றைப் பிளாஸ்டிக் உறைகளில் விற்பது தடைசெய்யப்பட்டது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலும் அத்தடை தொடர்கிறது.

இதற்கு நேர்மாறாக, உறை உயிர்காக்கும் பொருளாகவும் இருக்க முடியும் என்பதை 1998 மெய்ப்பித்தது. அவ்வாண்டு டெல்லியில், பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டவர்கள் உடல்வீக்க நோய்க்கு ஆளாகி, அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றப்படும் எண்ணெயில் கலப்படம் எந்தக் கையில் நிகழ்ந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லாத நிலையில், அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய்களை அடைத்த உறைகளில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. மூடி ஒட்டப்பட்ட, தயாரித்தவரின் முகவரி அச்சிடப்பட்ட உறை என்பது பொறுப்பை ஒருவர் தலையில் நிறுத்தும் ஏற்பாடாகும். பிளாஸ்டிக் எதிர்ப்பு விவாதங்களில் இந்தப் பயன் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பாதுகாப்பைத் தரும் உறையையும் விற்பனை உத்தியாக மட்டுமே பெருகிய உறையையும் ஒரே தராசில் நிறுத்துவது எந்தக் கொள்கைக்கும் உதவாது.

உறைக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிக் காண்பது, பின்னால் வரும் சட்டச் சிக்கல்களைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும். சாதாரண சிப்ஸ் பாக்கெட்டின் வெளித்தோல், இருதிசை இழுவைப் பாலிபுரொப்பிலீன் என்னும் பிலிமால் ஆனது. உருக்கிய பாலிபுரொப்பிலீனைத் தடித்த தகடாக வார்த்து, அதை முதலில் நீளவாக்கிலும் பின்பு அகலவாக்கிலும் பல மடங்கு இழுப்பதால் இப்பெயர் அமைந்தது. இன்றைய பெரிய எந்திரங்கள் 8.7 மீட்டர், 10.4 மீட்டர் அகலமுள்ள பிலிமை இடைவிடாமல் ஓட்டுகின்றன. இழுக்கப்பட்ட பின் அதன் தடிமன் 15 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கண்ணில் படும் வண்ணப்படம் வெளிப்பக்கத்தில் அச்சாவதில்லை. இந்தத் தோலின் உட்பக்கத்தில் கண்ணாடியில் தெரியும் எழுத்தைப் போல இடவலம் மாற்றி அச்சிட்டு, அதன்மேல் பசை பூசி, இரண்டாவது பிலிமை ஒட்டுகிறார்கள். அந்த இரண்டாவது பிலிம், வெற்றிடக் கலத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த வெள்ளிநிறப் பிலிம்; அதில் படியும் உலோகத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர் மட்டுமே, அதாவது மைக்ரானில் நூறில் சில பங்கு. இவ்வளவு நுண்ணிய படலமே ஒளியையும் ஆக்சிஜனையும் ஈரத்தையும் பெருமளவு தடுத்து, உள்ளே நிரப்பிய நைட்ரஜனையும் தக்கவைத்து, வறுத்த உருளைக்கிழங்கை மாதக்கணக்கில் காறாமல் வைத்திருக்கிறது.

அச்சுக்கு இத்தொழிலில் பரவலாகப் பயன்படுவது கிராவூர் முறை. செம்பு பூசிய உருளையில் நுண்குழிகளைப் பொறித்து, தேய்மானம் தாங்க மேலே குரோமியம் ஏற்றி, அக்குழிகளில் தங்கும் மையைப் பிலிமுக்கு மாற்றுவார்கள். வண்ணத்துக்கு ஓர் உருளை வீதம் எட்டு அல்லது ஒன்பது உருளைகள் தேவைப்படுவதால், லட்சக்கணக்கில் ஓடும் அச்சுக்கு மட்டுமே இச்செலவு கட்டுப்படியாகும். சிறு ஊறுகாய், மசாலாத் தயாரிப்பாளர் தனக்கென உறை அச்சிட முடியாமல் வெற்றுப் பையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்பதற்கு இதுவே காரணம். உருளையே தேவைப்படாத டிஜிட்டல் அச்சு இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. மையைக் கரைக்கப் பயன்பட்ட டொலுயீன் என்ற நச்சுத்தன்மையுள்ள கரைப்பான், உணவு உறைகளுக்கான மைகளில் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15495, 2020இல் திருத்தப்பட்டபோது விலக்கப்பட்டது. அச்சகத்தின் மூடிய கூடத்தில் நாள் முழுவதும் அந்த ஆவியைச் சுவாசித்து வந்த தொழிலாளருக்கும் இது காலம் கடந்து வந்த நன்மை. பசையிலும் கரைப்பானில்லா லேமினேஷன் முறை பரவி வருகிறது. லேமினேஷன் என்பது பிலிம்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தாளாக்கும் வேலை.

பிலிம் உற்பத்தியின் வணிகச் சுழற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இலாபம் உயரும் ஆண்டுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் புதிய எந்திரங்களுக்கு ஆணை கொடுப்பதும், அவை ஓடத் தொடங்கும்போது உற்பத்தி தேவையை மிஞ்சி விலை சரிவதும் இத்துறையில் மாறாத வழக்கமாக உள்ளன. பெருந்தொற்றுக் காலத்தில் உயர்ந்த இலாபம் 2022க்குப் பின் சரிந்ததும் இவ்வகையே. விலை சரிந்த காலத்தில் புத்தம் புதிய பிலிம் மலிவாகக் கிடைப்பதால், மறுசுழற்சிப் பொருளுக்கு வாங்குவோர் குறைந்துபோவதுதான் இதில் கவனிக்கத்தக்க விளைவு.

இனிச் சட்டத்தின் பக்கம் வரலாம். 2016இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல்லடுக்குப் பிளாஸ்டிக் உறைகளை இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்படியாக விலக்க வேண்டும் என்று தெளிவாகவே கூறின. 2018இன் திருத்தம் அந்த வாசகத்தில், எரித்து ஆற்றலாகப் பெற முடியாததும் வேறு பயன் இல்லாததும் என்னும் நிபந்தனைகளைச் சேர்த்தது. எரியாத பிளாஸ்டிக் ஏது? சிமென்ட் ஆலையின் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிக்க இயலும் எந்த உறையும் விலக்கிலிருந்து தப்பிக்க வழி கிடைத்தது. விதியின் நோக்கத்தையே தளர்த்திய இந்தச் சொற்சேர்க்கை, தொழில்துறை தன் வடிவமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு விதிகள் வேறொரு பாதையை எடுத்தன. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்னும் கொள்கைப்படி, உறையைச் சந்தைக்கு அனுப்புகிற நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அந்நிறுவனம் மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் வாங்கித் தன் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். உறைகள் நான்கு வகைகளாகப் பிரிக்கப்பட்டன: விறைப்பான பிளாஸ்டிக் முதல் வகை, பிளாஸ்டிக்கால் மட்டுமே ஆன ஓரடுக்கு அல்லது பல்லடுக்கு நெகிழ் உறைகள் இரண்டாம் வகை, பிளாஸ்டிக்கோடு தாள், அலுமினியத்தாள் முதலிய வேற்றுப்பொருள் அடுக்கும் சேர்ந்தவை மூன்றாம் வகை, மக்கும் பிளாஸ்டிக் நான்காம் வகை. இரண்டாம், மூன்றாம் வகைகளில் 2024–25இல் 30 விழுக்காடாகத் தொடங்கும் மறுசுழற்சி இலக்கு, 2027–28இல் 60 விழுக்காட்டை எட்ட வேண்டும். காகிதத்தில் இது துணிவான இலக்குதான்.

இந்த அழுத்தத்தால் தொழில்நுட்பத்தில் எழுந்த முதன்மையான மாற்றம் ஒற்றைப்பொருள் உறை. மரபான சாஷேயில் வெளியே பாலியெஸ்டர், நடுவே உலோகம் படிந்த பாலியெஸ்டர், உள்ளே பாலிஎத்திலீன் என்று அடுக்கு அமையும். பாலியெஸ்டர் உருக 250 பாகைக்கு மேல் வெப்பம் தேவை. பாலிஎத்திலீனோ 110 முதல் 130 பாகைக்குள் உருகிவிடும். அடைக்கும் எந்திரத்தின் சூடான தாடை வெளித்தோலைக் கெடுக்காமல் உள்தோலை மட்டும் உருக்கி ஒட்டுவதற்கு இந்த வேறுபாடே உதவியது. ஆனால் மறுசுழற்சியில் இரண்டையும் ஒன்றாக உருக்க முடியாதபடி செய்வதும் அதே வேறுபாடுதான். எல்லா அடுக்கையும் பாலிஎத்திலீனாலேயே அமைத்தால் மறுசுழற்சி எளிதாகும். ஆனால் தாடையின் வெப்பம் சிறிது கூடினாலும் வெளித்தோல் சுருங்கிவிடும் என்பதால், எந்திரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். நீளவாக்கில் இழுத்து உறுதியாக்கிய பாலிஎத்திலீன் பிலிமை வெளித்தோலாகக் கொள்வது இதற்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்று. பற்பசைக் குழாய்களில் இம்மாற்றம் வெற்றி கண்டுவிட்டது: அலுமினியத்தாள் சேர்ந்த குழாய்களுக்கு மாற்றாக, முன்பு எஸ்ஸெல் ப்ரோபேக் என்றும் 2020 முதல் இ.பி.எல். என்றும் அழைக்கப்படும் இந்திய நிறுவனம் பாலிஎத்திலீனை அடிப்படையாகக் கொண்ட குழாய்களைத் தயாரித்து வருகிறது.

ஒற்றைப்பொருள் உறையே விடை என்று கருதுவோர் இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பசையால் ஒட்டிய சிப்ஸ் பாக்கெட்டின் பல இரகங்களில் இரு அடுக்குகளும் பாலிபுரொப்பிலீன்தான். உலோகமும் மையும் பசையும் சேர்ந்தாலும் எடையில் சிறு பங்கே. அதாவது ஒற்றைப்பொருளுக்கு மிக நெருங்கிய உறை பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தும், அதைத் தெருவிலிருந்து எடுப்பாரில்லை. பால் கவரோ தமிழ்நாட்டு வீடுகளில் கழுவிக் காயவைத்துச் சேர்க்கப்பட்டுப் பழைய பேப்பர்க் கடையில் விலைக்குப் போகிறது. அது பாலிஎத்திலீன் மட்டுமே, 50 மைக்ரான் அளவில் தடிமன் கொண்டது, அச்சு குறைவு, ஒவ்வொரு நாளும் ஒரே வீட்டில் ஒரே இடத்தில் சேர்வது. அரை லிட்டர் பால் கவர் இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் ஒரு கிலோவுக்கு நானூறு முதல் ஐந்நூறு கவர்கள் போதும். ஐந்து சென்டிமீட்டர் அகலமும் ஏழு சென்டிமீட்டர் உயரமும் உள்ள சாஷேயின் தாளைச் சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று கணக்கிட்டால், முன்பின் இரு பக்கமும் சேர்ந்து ஓர் உறையின் எடை அரை கிராமுக்குச் சற்று மேல். ஒரு கிலோ சேர ஏறக்குறைய 1,800 உறைகளைக் குனிந்து பொறுக்க வேண்டும். எடைக்கு ஏற்பக் கூலி பெறும் கழிவு பொறுக்கும் பெண்ணுக்கு அந்த உழைப்பு கட்டாது. அவர் அதை விட்டுச் செல்வது அறியாமையால் அன்று. அவருடைய கணக்கு சரியானது.

மீட்டெடுக்க முடியாதவற்றுக்குச் சொல்லப்படும் மாற்றுப் பயன்கள் இரண்டு. சிமென்ட் சூளையில் எரிப்பது ஒன்று. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் வகுத்த முறைப்படி, துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான சல்லியின்மேல் பூசித் தார்ச்சாலை அமைப்பது மற்றொன்று. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற வாசுதேவனின் முறை கழிவுக்குப் பயன் காட்டியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு வழிகளுக்கும் உறை முதலில் ஓரிடத்தில் சேர்ந்தாக வேண்டும். சேர்க்கும் கூலியை யார் தருவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மகாராஷ்டிர அரசு 2018இல் பால் பைகளுக்கு 50 மைக்ரான் தடிமனும், திரும்பப் பெறும் விலையாக 50 பைசாவும் குறித்தது. எண்ணிக்கைக்கு விலை தரும் இந்த அணுகுமுறை, எடைக்கு விலை தரும் வழக்கத்தைக் காட்டிலும் சிற்றுறைகளுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அது ஏற்கெனவே மீட்கப்பட்டுவரும் பொருளுக்கே பயன்படுத்தப்பட்டது.

பொறுப்பு விதிகளின் பெரிய குறைபாடும் இங்கேதான் உள்ளது. சான்றிதழ்கள் வகைவாரியாகவும் எடைக்கணக்கிலும் வழங்கப்படுகின்றன. இரண்டாம் வகையில் பிளாஸ்டிக் சாஷேக்களும் பவுச்சுகளும் மட்டுமல்லாமல், பிளாஸ்டிக் விரிப்புகளும் தூக்குப் பைகளும் அடங்கும். எனவே கோடிக்கணக்கான சாஷேக்களை விற்கும் நிறுவனம், கிடங்குகளில் எளிதாகக் கிடைக்கும் சுத்தமான, கனமான விரிப்புகளை மறுசுழற்சி செய்தவரிடம் சான்றிதழ் வாங்கித் தன் கடமையை முடித்துக்கொள்ள இயலும். சாக்கடையை அடைக்கும் சாஷே அங்கேயே கிடக்கும். இது விதிமீறலன்று, விதி அனுமதிக்கும் வழி. விதிமீறலும் இல்லாமல் இல்லை: 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் வெளிப்பட்டன. வாரியத்தின் கணக்குப்படி 2020–21இல் நாட்டில் உருவான பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன். இவ்வளவு பெரிய தொகையில் அரை கிராம் பொருள் எங்கே போயிற்று என்பது டன் கணக்கில் புலப்படவே புலப்படாது.

2025 ஜூலை முதல் உறைகளைப் பற்றிய விவரங்களைப் பார்கோடு அல்லது கியூ.ஆர். குறியீட்டின் வழியாகவும் தர இடமளிக்கப்பட்டிருப்பதால், எந்த நிறுவனம் எவ்வகை உறையை விற்கிறது என்ற தகவல் கிடைக்கும் வாய்ப்பு கூடியுள்ளது. இரண்டாம் வகையை எடை அடிப்படையில் உட்பிரிவுகளாக்கி, குறிப்பிட்ட எடைக்குக் கீழ்ப்பட்ட உறைகளின் கடமையை அதே எடைப்பிரிவைச் சேர்ந்த கழிவைக் கொண்டே நிறைவேற்ற வேண்டும் என்று விதித்தால், சாஷேயைத் திரும்பப் பெறும் செலவு சாஷேயின் விலையிலேயே வெளிப்படும். அப்போது அரை கிராம் உறையா, மறுநிரப்பா, சற்றே பெரிய பாக்கெட்டா என்பதை நிறுவனங்கள் உண்மையான கணக்குப் போட்டே முடிவு செய்ய நேரும். ஒரு ரூபாய்க்கு வாங்கும் குடும்பத்தின் வசதியைப் பறிக்காமல், பெட்டிக்கடையிலேயே அளந்து நிரப்பித் தரும் ஏற்பாடுகளுக்கும் வணிக அடிப்படை கிடைக்கும்.

மறுசுழற்சிப் பொருளைப் புதிய உறையில் கலக்க வேண்டும் என்ற கட்டாயமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டாம் வகைக்கு 2025–26இல் 10 விழுக்காடு, 2027–28 முதல் 20 விழுக்காடு. மூன்றாம் வகைக்கு இவற்றில் பாதி. உணவைத் தொடும் உறைகளில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு விதிகள் கடும் நிபந்தனைகளை வைத்திருப்பதால், இப்பொருள் முதலில் சலவைத்தூள் பாக்கெட்டுகளுக்கும் கூரியர் பைகளுக்கும் வெளிச்சுற்றுகளுக்கும்தான் போய்ச் சேரும். அச்சு நிறைந்த பிலிமை உருக்கினால் கருஞ்சாம்பல் நிறமான குருணையே கிடைக்கும். அதைக்கொண்டு குப்பைப் பையும் தோட்டக் குழாயும் செய்யலாமே தவிர, வெண்மையோ தெளிவோ வேண்டும் உறையைச் செய்ய இயலாது. ஆகையால் மையின் பரப்பைக் குறைப்பதும், கழுவினால் நீங்கும் மையைத் தேர்வதும், பால் கவர் போன்ற அச்சு குறைந்த உறைகளை வேறு கழிவோடு கலவாமல் தனியே திரட்டுவதும் அடுத்த மூன்று ஆண்டுகளில் கன்வர்ட்டர்களின், அதாவது பிலிமை அச்சிட்டு ஒட்டி உறையாக்கும் ஆலைகளின், முன்னே நிற்கும் வேலைகள். இவ்வேலைகளுக்கான முதலீடு பெரும்பாலும் சிறு, நடுத்தர ஆலைகளின் தோளில் விழுகிறது. வடிவமைப்பை முடிவு செய்யும் பெரிய பிராண்டு நிறுவனங்கள் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களின் மூலம் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால், 20 விழுக்காடு என்பது அந்த ஆலைகளால் எட்ட முடியாத இலக்காகவே இருக்கும்.